சிகிச்சைக்கு முன்னே உடற்பயிற்சி

புற்றுநோய் என்று உறுதியான நாளுக்கும் அறுவை சிகிச்சை நடக்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கும். அந்நாட்களில் நோயாளியைப் படுக்க வைத்து, "அலட்டிக் கொள்ளாதே, ஓய்வெடு" என்பது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் சொல்வதுதான். ஆனால், அந்த ஓய்வு உடலுக்கு நன்மை செய்கிறதா? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உங்கள் உடலுக்கு ஆக்சிஜன் தேவை. ஒரு கிலோ எடைக்கு நிமிடத்திற்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர், 60 கிலோ எடையுள்ளவருக்கு 210 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 20 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். வகுத்துப் பாருங்கள்: ஓய்வில் இருக்கும் மனிதர் ஒரு 70 வாட் விளக்குக்குச் சமம்! மாடிப்படி ஏறினாலோ தேவை பல மடங்காகிறது.

பெரிய அறுவை சிகிச்சையும் ஒருவகையில் படியேறுவது போன்றதே. புண் ஆறவும் கிருமிகளை எதிர்க்கவும் உடல் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. படியேறுபவர் மூச்சு வாங்கினால் சற்று நிற்கலாம். அறுவை முடிந்தவர் நிற்க முடியாது; நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இதயத்திடமும் நுரையீரலிடமும் அதற்கான கையிருப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

இக்கையிருப்பை அளக்க முடியும். ஆஸ்திரேலியாவில் பால் ஓல்டர் குழுவினர், பெரிய அறுவைக்குக் காத்திருந்த 187 முதியவர்களைச் சைக்கிள் மிதிக்கச் செய்து அளந்து, முடிவுகளை 1993இல் வெளியிட்டனர். உழைப்பு கூடும்போது ஒரு கட்டத்தில் தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேரத் தொடங்கும். கிலோவுக்கு நிமிடத்திற்கு 11 மில்லிலிட்டரை எட்டுமுன்பே இக்கட்டத்தை அடைந்தவர்கள் 55 பேர். அவர்களில் 10 பேர் இதய, இரத்த ஓட்டக் கோளாறுகளால் இறந்தனர். மற்ற 132 பேரில் அவ்வாறு இறந்தவர் ஒருவரே.

இந்தக் கையிருப்பு நிலையானதன்று. படுத்தே கிடந்தால் தசை கரையும், கையிருப்பும் குறையும். பயிற்சி செய்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடும். இதற்குச் சில வாரங்கள் போதுமா? போதும் என்கிறது, பெருங்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினர் அறுவைக்கு முன் நான்கு வாரம் பயிற்சி செய்தனர். புரதம் மிக்க உணவு, மன ஆதரவு, புகையை விட உதவி ஆகியவையும் அவர்களுக்குக் கிடைத்தன. கடுமையான சிக்கல்கள் இவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஏற்பட்டன; வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 30 பேருக்கு.

மனத்திற்கும் இதில் பங்குண்டு. கையைக் கட்டிக்கொண்டு நாளை எண்ணுபவரிடம் அச்சம் வளரும். இன்று நேற்றைவிட நூறு அடி கூடுதலாக நடந்தவருக்குத் தம்மாலும் ஏதோ இயலும் என்ற தெம்பு பிறக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். உடற்பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தன்று. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. எலும்புக்கு நோய் பரவியவர்கள், கடும் இரத்தசோகை அல்லது இதயநோய் உள்ளவர்கள் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. மருத்துவர் அனுமதித்தால் நடையே நல்ல தொடக்கம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்தின் அளவு.

உங்களுக்கு வேண்டியவர் எவரேனும் சிகிச்சைக்குக் காத்திருந்தால், "இந்த வாரங்களில் என்ன பயிற்சி செய்யலாம்?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால், மாலையில் நீங்களும் அவருடன் நடந்து செல்லுங்கள்.