சருகும் கரித்துண்டும்

வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி இயேசு சீடர்களிடம் கூறியதை (மத் 6:28) நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். கவலைப்படக் கூடாது என்ற படிப்பினையை நினைவில் வைத்திருக்கும் நாம், கவனித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

அப்படிப் பார்க்கப் பழகுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அதுதான் கரித்துண்டால் வரைவது. இதற்கு ஓவியத் திறமை தேவையில்லை. காற்றோட்டத்தில் எரியும் குச்சி சாம்பலாகிவிடும். காற்றுப் புகாமல் சூடாக்கினால் கரியாகும். ஓவியப் பொருள் கடைகளில் ‘சார்க்கோல்’ என்ற பெயரில் கிடைப்பது இதுவே. அதோடு சற்றுச் சொரசொரப்பான தாளும், ஒரு காய்ந்த இலையும் போதும்.

இலையைச் சன்னல் அருகே, ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். முதல் ஐந்து நிமிடங்கள் வரையாமல் அமைதியாகப் பாருங்கள். பிறகு கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, இருளும் ஒளியும் தனித்தனியே தெரியும். கரியைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்து, இருண்ட பகுதிகளை முதலில் நிரப்புங்கள். ஓரங்களையும் நரம்புகளையும் பின்னர் கரியின் நுனியால் வரையலாம். ஒளி வேண்டிய இடத்தில் ரொட்டியின் மென்மையான உட்பகுதியை ஒற்றி எடுங்கள். ரப்பர் வருமுன் ஓவியர்கள் இதைத்தான் அழிப்பானாகப் பயன்படுத்தினர்.

வரைந்து முடித்ததும் ஓர் உண்மை புரியும். நடுவில் ஒரு நரம்பு, இருபுறமும் சம அளவு என்று நம் மனத்திலிருந்த இலையையே நாம் வரைந்திருப்போம். எதிரே இருக்கும் இலையிலோ பூச்சி அரித்த துளை இருக்கும், ஓரம் சுருண்டிருக்கும். தெரிந்ததுதானே என்ற எண்ணமே நம் கண்களை மறைத்துவிடுகிறது.

நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? கணவரையோ மனைவியையோ பிள்ளையையோ நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்து, இன்று அந்த முகத்தில் படிந்திருக்கும் சோர்வைக் காணத் தவறுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் (எண் 226), மலர்களைப் பார்க்கச் சொன்ன இயேசுவையும், செல்வந்தரான இளைஞரை அன்போடு உற்று நோக்கிய இயேசுவையும் ஒருசேர நினைவூட்டுகிறார். மலரைக் கண்ட அதே கண்கள்தான் மனிதரையும் கண்டன.

இந்த வாரம் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரு சருகை வரைவோம். அன்று மாலை, நம் வீட்டில் உள்ள ஒருவரின் முகத்தையும் அதே பொறுமையோடு பார்ப்போம். ஆண்டவரே, நாங்கள் பார்வை பெற அருள்தாரும்!