பாடம் முடிந்தது, ஆய்வேட்டுக்கு முன் ஒரு பெருந்தேர்வு

“காம்ப்ஸ் முடிந்ததா?” அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ‘காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாம்’ என்ற முழுமைத் தேர்வின் சுருக்கம்தான் காம்ப்ஸ். கல்வியியலில் பிஎச்.டி., எட்.டி. ஆகிய இரு பட்டங்களுக்கும் பல பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன.

எப்போது, எப்படி?

வகுப்புப் பாடங்கள் முடிந்து, ஆய்வேடு தொடங்கும் முன் இத்தேர்வு வரும். சில இடங்களில் தேர்வறையில் ஓரிரு நாள் எழுத வேண்டும். சில இடங்களில் வினாக்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குறித்த நாளுக்குள் கட்டுரைகளாகத் தரலாம். பிறகு பேராசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வும் நடக்கலாம்.

எதைச் சோதிக்கிறார்கள்?

கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி எந்த நூலை எப்போது எழுதினார் என்பதை அல்ல. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம், 3 முதல் 8ஆம் வகுப்பு வரை வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. அதனால் வகுப்பறையில் என்ன மாறியது? ஆய்வுகள் எங்கே முரண்படுகின்றன, ஏன்? நீங்கள் எந்தப் பக்கம்? வினா இப்படி வரலாம். தனித்தனியாகப் படித்த பாடங்களை ஒன்றாகக் கோத்து, சொந்தமாக ஒரு முடிவுக்கு வரத் தெரிகிறதா என்பதே சோதனை.

தேறினால், தவறினால்?

தவறியவருக்குப் பொதுவாக இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் படிப்பை விட்டு விலக நேரலாம். தேறியவர் ‘கேண்டிடேட்’ ஆகிறார். ஆய்வேடு மட்டுமே பாக்கி என்னும் பொருளில் அவரை ‘ஏ.பி.டி.’ என்பார்கள். பலர் தேங்கிப்போவதும் இந்தக் கட்டத்தில்தான். வகுப்பு இல்லை, வாரக் கெடு இல்லை, பக்கத்தில் படித்த நண்பரும் இல்லை. பகலில் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இந்தத் தனிமை இன்னும் கடினம்.

இந்தியாவில்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி, முனைவர் பட்ட மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை முடித்து, 55 சதவீதம் பெற்றால்தான் ஆய்வைத் தொடரலாம். பல ஐஐடிகளில் முழுமைத் தேர்வும் உண்டு.

எப்படித் தயாராவது?

ஆய்வுத் தலைப்பை மனத்தில் வைத்தே வாசியுங்கள். தேர்வுக்கு எடுத்த குறிப்புகள் ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் அத்தியாயத்துக்கு உதவும். பேராசிரியர்களும் அதற்கு இடம்தரும் வினாக்களைக் கேட்க வேண்டும். அப்போது, தேர்வு முடிந்த மறுநாள் மாணவர் வெற்றுத்தாளின் முன் உட்கார வேண்டியிருக்காது.