காருக்கு வேர்க்குதா... கவனிங்க மக்கா!

அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, கடைசியா உங்க கைக்கு வந்து சேர்ந்த பழைய காரா? வாழ்த்துகள்! கூடவே ஒரு எச்சரிக்கை. காலையில வண்டி நின்ன இடத்துல ஈரம் தெரிஞ்சா, 'ஏ.சி. தண்ணிதானே'னு தாண்டிப் போயிடாதீங்க. ஏ.சி. தண்ணிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பச்சையாவோ சிவப்பாவோ, தொட்டா வழவழன்னு, லேசா தித்திப்பு வாசனையோட இருந்தா... அது கூலன்ட்!

நம்ம மாருதி 800-ஐயே எடுத்துக்குங்க. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த வண்டி, 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுபோச்சு. அந்தக் குடும்பத்துக் கடைக்குட்டிக்கே இப்போ பத்து வயசுக்கு மேல. ரப்பர் ஹோஸுக்கு அது தாத்தா வயசு!

குக்கர் தத்துவம்

பெட்ரோல் எரிஞ்சு வர்ற சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைச் சுமந்துட்டுப் போறது கூலன்ட்தான். அது கொதிச்சுடாம பார்த்துக்கிறது ரேடியேட்டர் மூடி. அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும்னு தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ்ல கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்டோமே, அதே மேட்டர்! மூடியில 0.9-னு போட்டிருந்தா, 0.9 பார் அழுத்தம் வரைக்கும் பிடிச்சு வெக்கும். அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 118 டிகிரி செல்சியஸ் கிட்ட போனாத்தான் கொதிக்கும்.

இப்போ சூட்டோட மூடியைத் திறந்தா? அழுத்தம் சட்டுனு இறங்கும், உள்ளே இருக்கிறது அத்தனையும் ஒரே நொடியில கொதிச்சு முகத்துல அடிக்கும். அதனால இன்ஜின் நல்லா ஆறுற வரைக்கும் மூடிப் பக்கம் கை போகவே கூடாது.

துப்பறியும் படலம்

ராத்திரி வண்டிக்குக் கீழே ஒரு பழைய அட்டையை விரிச்சு வைங்க. காலையில கறை எங்கே இருக்குன்னு பார்த்து, அதுக்கு நேர் மேல தேடுங்க. ஆனா, சொட்டு வழிஞ்சு ஓடி வேற இடத்துலயும் விழும். அதனால மேல இருந்து கீழே வரணும்.

முதல்ல ஹோஸ். அமுக்கினா மொறுமொறுன்னு இருந்தாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ மாத்திடுங்க. கிளிப் ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருந்தா, கசிவு அங்கேதான். அடுத்து, ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியமும் சேர்ற இடம். அப்புறம் வாட்டர் பம்ப். அதுல ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அது வழியா சொட்டினா உள்ளே சீல் காலி, பம்பையே மாத்தணும். ஹீட்டர் இருக்கிற வண்டியா இருந்தா, முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமா இருக்கான்னும் பாருங்க.

கண்ணுக்குச் சிக்கலையா? ஒர்க்ஷாப்ல பிரஷர் டெஸ்ட்டர் இருக்கும். ஆறின இன்ஜின்ல மூடிக்குப் பதிலா அதை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவுக்குக் காத்து அடிப்பாங்க. முள் இறங்கினா எங்கேயோ கசியுது. வெளியே ஒரு சொட்டும் இல்லாம முள் மட்டும் இறங்கினா... வில்லன் உள்ளே இருக்கான்!

ஹெட் கேஸ்கெட் எனும் வில்லன்

விடாம வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில பால் காபி கலர்ல நுரை, ரேடியேட்டர்ல நிக்காத குமிழி... இதெல்லாம் ஹெட் கேஸ்கெட் போனதுக்கு அடையாளம். சூடு ஏறினதும் அலுமினிய ஹெட் வளைஞ்சுடும். பல இன்ஜின்கள்ல 0.05 மில்லிமீட்டர் வளைவைத் தாண்டினாலே ஃபேசிங்குக்கு லேத்துக்குப் போகணும். நம்ம தலைமுடியோட தடிமன் அளவுதான் அது! ஒரு ஹோஸுக்கு யோசிச்ச சில நூறு ரூபாய், இப்போ பல ஆயிரமா வந்து நிக்கும்.

அதனால, ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டா, 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே'னு மிதிக்காதீங்க. ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.

குறுக்குவழி குமாருங்களுக்கு...

ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைக்கிறது நம்ம ஊரு கைவைத்தியம். அது ஓட்டையை மட்டுமா அடைக்கும்? மெல்லிசான குழாய்களையும் சேர்த்து அடைச்சிடும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு தம்பி?"னு சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுவாங்க. அப்புறம் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே லேட்டாகும், பெட்ரோலும் கூடுதலாக் குடிக்கும்.

ரிப்பேர் முடிஞ்சதும் குழாய்த் தண்ணியை ஊத்தாதீங்க, உள்ளே உப்பு படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. ஆறின இன்ஜின்ல மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டா, உள்ளே மாட்டின காத்து குமிழியா வெளியே வரும். அளவு இறங்க இறங்க ஊத்தி நிரப்பி, பொங்கி மேல வர்றதுக்குள்ள மூடிடுங்க.

ஒரு முக்கியமான விஷயம். கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், ஆனா விஷம். தெரு நாய் நக்கினா கிட்னி போய் உயிரே போயிடும். குழந்தைங்களுக்கும் ஆபத்து. தரையில சிந்தினதை மணல் போட்டு அள்ளிட்டு, அப்புறமா கழுவி விடுங்க.

வாரம் ஒரு தடவை, ஆறின இன்ஜின்ல பானெட்டைத் திறந்து ரிசர்வ் டேங்க்ல கோடு எங்கே இருக்குன்னு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. செல்போன் சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு நாளைக்கு நாப்பது தடவை பார்க்கிற நமக்கு, இது ஒரு மேட்டரா பாஸ்?