கடலைக் கலக்கும் கரண்டி

மூன்று அடுக்குத் தேநீர் குடித்திருப்பீர்கள். கண்ணாடிக் குவளையின் அடியில் குலா மலாக்கா பாகு, நடுவில் பால், மேலே கறுப்புத் தேநீர். கலக்காமல் மேலாக ஒரு வாய் குடித்தால் கசக்கும். இனிப்பு அதே குவளைக்குள்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினால்தான் அது மேலே வரும்.

கடலுக்கும் இப்படி ஒரு கரண்டி தேவைப்படுகிறது. அது அடியைத் தொடாத ஆண்டுகளில் கோடிக்கணக்கான மீன்கள் மறைந்துபோகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

வெளிச்சம் மேலே, உரம் கீழே

கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களைப் பிளாங்டன் என்கிறோம். இவற்றில் தாவரப் பிளாங்டன் நிலத்துச் செடிகளைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்யும். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால்தான் நடக்கிறது. தாவரப் பிளாங்டனை விலங்குப் பிளாங்டன் தின்னும். இரண்டையும் சிறுமீன்கள் தின்னும். சிறுமீன்களைப் பெரிய மீன்களும் பறவைகளும் தின்னும்.

தாவரப் பிளாங்டன் வளர இரண்டு தேவை. ஒன்று சூரிய ஒளி. மற்றொன்று நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், இரும்பு போன்ற ஊட்டச்சத்துகள். வயலில் நெல்லுக்கு வெயிலும் உரமும் தேவைப்படுவது போலத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒளி கடலின் மேற்பகுதியில் மட்டுமே கிடைக்கிறது. 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் இல்லை. மேலே வாழும் உயிர்கள் இறந்ததும் அவற்றின் உடல்களும், கழிவுகளும் கீழே மூழ்குகின்றன. அங்கே பாக்டீரியா அவற்றைச் சிதைத்து, ஊட்டச்சத்துகளை நீரில் விடுகிறது. ஆகவே, உரம் ஆழத்தில் சேர்ந்துகொண்டே போகிறது.

அந்த உரம் தானாக மேலே வராதா? வராது. வெயிலில் சூடான மேல்நீர் அடர்த்தி குறைந்தது. ஆழத்து நீர் குளிர்ந்தது, அடர்த்தி மிகுந்தது. எனவே, வெந்நீர் ஒரு மூடியைப் போல மேலே மிதக்கிறது. வெப்பமண்டலப் பெருங்கடல்களின் நடுப்பகுதி பளிங்கு போன்ற நீலமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அங்கே பிளாங்டன் மிகக் குறைவு. அந்த அழகான நீலம் கடலின் பாலைவனம்.

பெருவின் கடற்கரை

இப்போது தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்குச் செல்வோம். பெருவும் நம்மைப் போல வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் தலைநகர் லீமாவுக்கு அருகே கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரி செல்சியசுக்கும் குறைவாகவே இருக்கும். நம் கடலோ 28 டிகிரிக்கும் மேல். 1802-இல் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் அங்கே கடல்நீரின் வெப்பநிலையை அளந்து, அதன் குளிர்ச்சியைக் கண்டு வியந்தார். அந்த நீரோட்டம் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம் காற்று. பெருவின் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், தென் அரைக்கோளத்தில் நகரும் நீர் இடப்பக்கம் விலகும். வடக்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் மேற்கு, அதாவது ஆழ்கடல் பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. காலியாகும் இடத்தை நிரப்ப, கீழிருந்து குளிர்ந்த நீர் உரத்தோடு மேலே வருகிறது. இதற்கு மேலெழுச்சி என்று பெயர்.

உரமும் வெயிலும் சந்தித்ததும் பிளாங்டன் பெருகுகிறது. அதைத் தின்று அஞ்சோவெட்டா என்னும் சிறுமீன் கூட்டங்கூட்டமாக வளர்கிறது. நம் நாசி லெமாக்கில் இருக்கும் நெத்திலியின் நெருங்கிய உறவுதான் அது. 1970-இல் பெரு ஓராண்டில் 1 கோடியே 20 லட்சம் டன் அஞ்சோவெட்டாவைப் பிடித்தது.

கரண்டி எட்டாத ஆண்டு

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பசிபிக் பெருங்கடலின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் வாணிபக் காற்று தளர்ந்துவிடும். மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே, பெருவின் பக்கம் பரவும். இதுதான் எல் நினோ.

அப்போது பெருவின் கரையோரக் காற்று நின்றுபோவதில்லை. மேலெழுச்சியும் தொடரலாம். ஆனால் வெந்நீர் அடுக்கு தடித்துவிடுவதால், உரம் நிறைந்த குளிர்நீர் வழக்கத்தைவிட மிக ஆழத்துக்குப் போய்விடுகிறது. மேலே வருவதும் உரமற்ற வெந்நீரே! கரண்டி சுழல்கிறது, பாகை மட்டும் எட்டவில்லை.

1972-இல் எல் நினோ வந்தபோது அஞ்சோவெட்டாக் கூட்டம் கரையோரத்தில் எஞ்சியிருந்த குளிர்நீர்த் திட்டுகளில் நெருக்கியடித்து நின்றது. அதைப் பிடிப்பது எளிதாக இருந்தது. படகுகள் அள்ளின. ‘கடலில் மீன் நிறைய இருக்கிறது’ என்ற தவறான நம்பிக்கையை அது தந்தது. 1973-இல் பிடிப்பு 20 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. மீனை நம்பியிருந்த கடற்பறவைகள் பட்டினியால் மடிந்தன. மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலை இழந்தனர். அஞ்சோவெட்டாவை அரைத்துச் செய்யும் மீன்தூள் கோழித்தீவனத்தில் சேர்வதால், அதற்கு மாற்றாகிய சோயாவின் விலையும் உலகெங்கும் ஏறியது. பிடிப்பு பழைய உச்சத்தை நெருங்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

எல் நினோ மட்டுமே குற்றவாளி அன்று. கடல் தளர்ந்திருந்த நேரத்தில் மனிதர்கள் நிறுத்தாமல் பிடித்ததும் ஒரு காரணம். அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2023-இல் மீண்டும் கடல் சூடானபோது, ஆய்வுக் கப்பல்கள் பெரும்பாலும் குஞ்சு மீன்களையே கண்டன. பெரு அரசு நாட்டின் வட, மத்தியப் பகுதிகளில் அவ்வாண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. பலருக்கு வருமானம் போனது. ஆனால் அடுத்த ஆண்டு கடல் குளிர்ந்தபோது, பெருகுவதற்கு மீன்கள் மீதம் இருந்தன.

புவி வெப்பமடைவதால் உலகக் கடல்களின் மேல்நீர் சூடாகி, அந்த ‘மூடி’ பல இடங்களில் மேலும் உறுதியாகி வருகிறது. ஆகவே, கடலைக் கவனித்து, வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொள்ளும் அறிவு இனி நமக்கு அதிகமாகவே தேவைப்படும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீலச் சாயம் கலந்த குளிர்நீரை ஊற்றுங்கள். அதன்மேல், கரண்டியின் முதுகில் படும்படி மிதமான வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் குவளையில் 1 சென்டிமீட்டர் அடுக்கு, இரண்டாவதில் 5 சென்டிமீட்டர் அடுக்கு. பிறகு இரண்டிலும் மேலிருந்து 2 சென்டிமீட்டர் ஆழம் மட்டும் கரண்டியால் மெல்லக் கலக்குங்கள். எந்தக் குவளையில் நீலம் மேலே வருகிறது? எது வழக்கமான ஆண்டின் பெரு, எது எல் நினோ ஆண்டின் பெரு? விடையை அறிவியல் குறிப்பேட்டில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.