பப்ஜிக்கு முந்திய பத்து வருஷம்

ஒலக்கூர் ரயில் நிலையம் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். 2019-இல் சாயங்காலமானால் கடை வாசலில் பையன்கள் குந்திக்கொண்டு, செல்போனில் பப்ஜி ஆடியபடி, "மச்சான், மாடியில ஆள் இருக்கான்டா, சுடு!" என்று கத்துவார்கள். அந்த பப்ஜியை உருவாக்கிய கொரியக் கம்பெனி லேசில் மேலே வரவில்லை.

2007-இல் சாங் பியுங் கியு ‘புளூஹோல்’ என்று அதைத் தொடங்கினார். முதல் விளையாட்டான ‘தேரா’ வெளிவரவே 2011 ஆகிவிட்டது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டிய கணினி விளையாட்டு அது. கூட்டம் குறைய, 2013-இல் இலவசமாக்கினார்கள்.

2015-இல் வாங்கிய சின்னக் கம்பெனி ஒன்றோடு கிம் சாங் ஹான் வந்து சேர்ந்தார். பப்ஜியை வடிவமைக்க அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீனுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கொரியாவுக்கு அழைத்தார். 2017 மார்ச்சில், வேலை முடியுமுன்பே, 30 டாலருக்குக் கணினி பப்ஜியை விற்பனைக்கு விட்டார்கள். வாங்கியவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். சந்தையே தலைகீழானது. மறு வருஷம் கம்பெனி ‘கிராஃப்டன்’ ஆனது.

பிறகு வந்த செல்போன் பப்ஜி இலவசம்தான். காசு பார்ப்பது ஆட்டத்துக்குள் ‘யூசி’ என்ற ஆட்டக் காசுக்கு விற்கும் சட்டை, துப்பாக்கிப் பளபளப்பில். "அண்ணா, யூசி வாங்கணும், கூகுள் பிளே கோடு குடுங்க" என்று கசங்கிய நூறு ரூபாயை நீட்டுவான் பத்தாம் வகுப்புப் பையன். "அப்பாவுக்குத் தெரியுமாடா?" என்றால் பதில் வராது.

2020 செப்டம்பரில் செல்போன் பப்ஜிக்கு இந்தியா தடை போட்டது. அடுத்த ஜூலையில் ‘பிஜிஎம்ஐ’ என்ற பெயரில் கிராஃப்டனே நேரடியாகக் கொண்டுவந்தது. பெயர்தான் மாறியது, வியாபாரம் அதேதான்.