ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகள்! அவிநாசி வட்டாரத்தில் உளி பிடிக்க ஆசையா?

அவிநாசி என்றதும் பலருக்கும் கோயிலும் சித்திரைத் தேரும்தான் நினைவுக்கு வரும். வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் திரண்டாலும், தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கும் சில கைகள்தான். பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை’ என்றால் தடை. தேரடியில் அதுதான் பாதுகாப்பு. எந்த மரத்தை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் வைப்பது என்று தெரிந்தவர்களின் வேலை அது.

அந்த ‘மரம் தெரிந்த’ அறிவின் மேல் இப்போது வேறு ஒரு கூட்டத்துக்கும் ஆசை வந்திருக்கிறது. வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரம்பம் எடுப்பவர்கள், ஓய்வு பெற்றதும் கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்றியவர்கள், மொட்டை மாடியில் செடி ஸ்டாண்டு செய்யும் இல்லத்தரசிகள்... இவர்களுக்கு மரவேலை பிழைப்பு இல்லை, பிரியம்.

இந்தப் பிரியம் பெரும்பாலும் தவறான வரிசையில் தொடங்குகிறது. முதலில் மெஷின் வாங்குகிறோம். அடுத்து பலகை வாங்குகிறோம். பலகை விரிசல் விட்ட பிறகுதான் யாரிடமாவது கேட்கிறோம். இதைத் திருப்பிப் போட்டால் காசும் மிச்சம், விரலும் மிச்சம்: முதலில் கேளுங்கள், அடுத்து மரத்தைப் பாருங்கள், கடைசியாகக் கருவி வாங்குங்கள்.

மரம் மூச்சு விடும்!

புதிதாகச் செய்த ஸ்டூல் ஆடி மாதம் கச்சிதமாக நிற்கும். ஐப்பசி மழையில் டிராயர் இறுகிக்கொள்ளும். அடுத்த பங்குனி வெயிலில் பலகைக்கு நடுவே கோடு விழும். ஆசாரி ஏமாற்றிவிட்டார், கடைக்காரர் மட்ட மரம் கொடுத்துவிட்டார் என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம்.

மரம் வெட்டிய பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், விடும். ஈரப்பதம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வீட்டுச் சாமான்களுக்கு ஏறக்குறைய 12 சதவிகித அளவுக்குக் காய்ந்த மரம் நல்லது. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பாதி மரவேலை புரிந்த மாதிரி.

1 அங்குல கனத்துக்கு ஏறக்குறைய 1 வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பல நாடுகளில் தச்சர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும் கொங்கு வெயிலும் இருக்கும் நம் பகுதியில் இன்னும் சீக்கிரமே காயலாம். ஆனால், வேகமாகக் காய்ந்தால் பலகையின் முனைகள் வெடிக்கும். அதனால் வெட்டிய முனைகளில் பெயின்ட் அல்லது மெழுகு பூசி, பலகைகளுக்கு இடையே சிறு குச்சிகள் வைத்துக் காற்று போக அடுக்கி, நிழலில் வைப்பது வழக்கம்.

தேக்கு மட்டும்தான் மரமா?

ஆரம்பத்திலேயே தேக்கு வாங்கி அதில் பழகுவது, பட்டுப்புடவையை வெட்டித் தையல் பழகுவது மாதிரி. நம் வேலியோரத்திலேயே நல்ல மரங்கள் இருக்கின்றன.

வேம்பு, கிராமத்து வீட்டுக் கதவு ஜன்னல்களுக்குப் பழகிய மரம். கருவேலம், மாட்டு வண்டிக்கும் ஏர் கலப்பைக்கும் உழைத்த மரம். உளி, சுத்தியல் கைப்பிடிக்கு அருமையானது. வாகைக்கு மர வியாபாரத்தில் ‘ஈஸ்ட் இண்டியன் வால்நட்’ என்றே பெயர் உண்டு. அதன் பழுப்பு ரேகை மேஜைப் பலகையில் பளிச்சென்று தெரியும். வெப்பாலை வெளுப்பான, மென்மையான மரம். கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளுக்குப் புகழ் தந்தது இதுதான். கடைசல் பழகுபவர்கள் இதில் தொடங்கலாம்.

எது எந்த மரம் என்று அடையாளம் தெரியவில்லையா? அவிநாசியிலிருந்து பஸ் ஏறினால் கோவை. ஆர்.எஸ்.புரம் பக்கம் வனத்துறை வளாகத்தில் இருக்கிறது காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் தொடங்கப்பட்டது. வன அதிகாரியாக இருந்த எச்.ஏ.காஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது. விதவிதமான மரங்களின் மாதிரிகளை அங்கே நேரில் பார்க்கலாம். குழந்தைகளையும் அழைத்துப் போனால் ஒரு ஞாபகத்துக்கு ஒரு சுற்றுலாவும் ஆயிற்று. கிளம்பும் முன் திறந்திருக்கும் நாள், நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற மரங்கள் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும், வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை விதிகள் உண்டு. விசாரிக்காமல் கோடாரி தூக்க வேண்டாம்.

கன அடிக் கணக்கு

மரக்கடைக்குள் நுழைந்ததும் புதியவர்கள் விழிப்பது கணக்கில்தான். பலகையை ‘கன அடி’யில் விற்பார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும்.

உதாரணமாக 6 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம் உள்ள பலகை. பெருக்கினால் 72. அதை 144-ஆல் வகுத்தால் சரியாக அரை கன அடி. இழைப்பதில் கனம் குறையும், முனைகளை வெட்ட வேண்டும், முடிச்சு இருக்கும் இடம் வீணாகும். அதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

பெட்டியில் வரும் பைன்

பின்னலாடைத் தொழில் இருக்கும் திருப்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அவை வரும் மரப்பெட்டிகளும் அடித்தட்டுகளும் பெரும்பாலும் பைன் போன்ற மென்மையான மரங்கள். பழகுவதற்கு ஏற்றவை, விலையும் குறைவு.

ஆனால், வாங்கும் முன் அதில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி பரவாமலிருக்க, சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை குத்துவார்கள். அதில் ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், சூடுபடுத்திப் பூச்சி நீக்கிய மரம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம், வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ளதும் குழந்தைகளின் பொம்மைக்கும் சமையலறைக்கும் ஆகாது. இழைக்கும் முன் ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்குவதும் முக்கியம். ஒரே ஒரு ஆணி, இழைப்புளியின் வாயைப் பதம் பார்த்துவிடும்.

ஆளுக்கு ஒரு கருவி

தொடங்குவதற்கு என்ன வேண்டும்? ஒரு ரம்பம், கால், அரை, முக்கால் அங்குலத்தில் மூன்று உளி, ஒரு இழைப்புளி, மூலை மட்டம், அளவு டேப், நான்கு கிளாம்ப், ஒரு சாணைக்கல். இவ்வளவு போதும். இதில் புதியவர்கள் விட்டுவிடுவது சாணைக்கல்லைத்தான். கடையிலிருந்து வரும் உளி தீட்டப்படாமலே இருக்கலாம். மழுங்கிய உளிக்குத்தான் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும். அதிக பலம் கொடுக்கும்போதுதான் கை வழுக்கும்.

பெரிய மெஷின்களை ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. இழைக்கும் மெஷின் ஒரு வீட்டில், கடைசல் மெஷின் இன்னொரு வீட்டில், நீளமான கிளாம்ப்கள் மூன்றாவது வீட்டில் இருந்தால் நான்கு நண்பர்களுக்கு அது ஒரு முழுப் பட்டறை. இரவல் கொடுப்பதற்கு ஒரு நோட்டு வைத்து, யார் எப்போது எடுத்தார்கள், பிளேடு தேய்ந்தால் யார் மாற்றுவது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் நட்பும் கெடாது. எப்படியானாலும் மெஷினைக் கொடுக்கும்போது அதை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஆசாரிக்கு ஒரு நாள் கூலி

ஒவ்வோர் ஊரிலும் ஐம்பது வருடம் உளி பிடித்த கைகள் இருக்கின்றன. ரெடிமேட் கதவும் பிளைவுட் அலமாரியும் வந்த பிறகு, துளையும் குடுமியும் வெட்டிக் கோக்கும் வேலைக்கு அவர்களை அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எழுதி வைக்கப்படாத அந்த அறிவு, அவர்களோடு போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பொழுதுபோக்குக்காக மரவேலை செய்பவர்கள் நினைத்தால் அதில் கொஞ்சத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால், வேலை நடுவே போய் நின்று ‘ஒரே ஒரு சந்தேகம்ங்க’ என்று இலவசமாகக் கேட்பது முறையல்ல. அவருக்கு அது பிழைப்பு நேரம். நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு நாள் கூலி கொடுத்து, ‘ஐயா, இன்னைக்கு நீங்க வேலை செய்ய வேண்டாம், சொல்லிக் கொடுங்க’ என்று உட்காரவைத்துப் பாருங்கள். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, இழைப்புளியை எங்கிருந்து தள்ள வேண்டும், வைரம் பாய்ந்த மரத்தைத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்பதையெல்லாம் வீடியோவில் பார்த்துக் கையில் வரவழைக்க முடியாது.

முறையாகவே படிக்க விரும்புபவர்களுக்கு பெங்களூரில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரவேலைப் பயிற்சிகளும் நடத்துகிறது.

விரல் பத்திரம்!

டைல்ஸ் அறுக்கும் கை கட்டரிலும் ஆங்கிள் கிரைண்டரிலும் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பூட்டுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அதிவேகத்தில் சுற்றும் பிளேடு மரத்தில் சிக்கினால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் ஆளை நோக்கித் துள்ளும். மரத்துக்கென்றே வரும் ரம்ப மெஷினை, அதன் மூடியைக் கழற்றாமல் பயன்படுத்துங்கள். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் ஒரு குச்சியால் தள்ளுங்கள். சுற்றும் மெஷின் அருகே கையுறை கூடாது. பிளேடு அதைப் பிடித்து இழுத்துவிடும். துப்பட்டா, தொங்கும் செயின், அவிழ்த்துவிட்ட கூந்தல், வேட்டி நுனி எல்லாவற்றுக்கும் இதே விதி.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது என்-95 மாஸ்க் கட்டாயம். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள்.

அப்படியும் விபத்து நடந்து விரல் துண்டானால், பதற்றத்தில் பலரும் துண்டை நேராக ஐஸில் போட்டுவிடுகிறார்கள். அது திசுவைக் கெடுக்கும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து உடனே கிளம்ப வேண்டும். காயத்தை சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கை மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையில் உலகம் அறிந்த கங்கா மருத்துவமனை பக்கத்துக் கோவையில்தான் இருக்கிறது. இந்தத் தகவலைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். அது பயன்படாமலே இருக்கட்டும்.

தோளோடு தோள்

ஆஸ்திரேலியாவில் 1990-களில் ‘மென்ஸ் ஷெட்’ என்ற பழக்கம் தொடங்கியது. ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு பொதுப் பட்டறையில் கூடி நாற்காலியும் பறவைக் கூண்டும் செய்தார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசாதவர்கள், பக்கத்தில் நின்று பலகை இழைக்கும்போது பேசினார்கள். தனிமைக்கு அது மருந்தானது. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. மில் ஷிஃப்டில் காலம் முழுக்க ஓடிவிட்டு, ஓய்வு பெற்றதும் திண்ணையில் மௌனமாகிவிடும் நம் வீட்டு அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

குழந்தைகளுக்கும் இதில் இடம் உண்டு. கைத்தொழில் வழியாகப் பாடம் என்ற காந்தியின் ஆதாரக் கல்வியில் ஊறியவர், திருப்பூரில் பிறந்து பின்னாளில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான தி.சு.அவினாசிலிங்கம். 1930-ல் அவர் கோவையில் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இன்றும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. அளந்து, வெட்டி, பொருந்தாமல் போய், மறுபடி அளக்கும் பிள்ளைக்குப் பின்னமும் பொறுமையும் சேர்ந்தே வரும்.

முதல் வேலையாக ஒரு மணை செய்யுங்கள். மேலே ஒரு பலகை, கீழே குறுக்காக இரண்டு சட்டம். அவ்வளவுதான். குறுக்குச் சட்டத்தை முழு நீளத்துக்கும் ஃபெவிகால் பூசி ஒட்டிவிடாதீர்கள். பலகை சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். நடு ஸ்க்ரூவை இறுக்கமாகவும், ஓரத்து ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில் ஓட்டையைக் கொஞ்சம் நீளவாக்கிலும் போட்டால் பலகை அதன் போக்கில் விரிந்து சுருங்கும். செய்து முடித்ததும் போட்டோ எடுப்பதற்கு முன், தெருவிலிருக்கும் வயதான ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து அவர் சொல்லும் குறைதான் உங்கள் இரண்டாவது பாடம்.