அக்கரையில் கடாரம்

இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் கருத்து. பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் கடந்து, சுங்கை பட்டாணி வழியாக மெர்போக் சென்றால் பூஜாங் பள்ளத்தாக்குக் காட்சியகத்தை அடையலாம். அக்காலக் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக விளங்கிய ஜெராய் மலையின் அடிவாரம் அது.

அங்குள்ள சண்டி புக்கிட் பத்து பகாட், கருவறையும் முன்மண்டபமும் கொண்ட இந்துக் கோயில். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959-60இல் அலஸ்டர் லேம்ப் சீரமைத்தார். அப்போது தரைக்கடியில் கற்பேழைகளும், அவற்றுள் பொன், வெள்ளி, செம்புப் பொருள்களும் கிடைத்தன. நம் கோயில்களில் கருவறைக்கடியில் வைக்கும் கர்ப்பந்நியாசம் நினைவுக்கு வருகிறதல்லவா? மண்டபத்தில் தூண் தாங்கிய கற்களை மாணவர்களை எண்ணச் சொல்வேன். மரத்தூணும் கூரையும் மக்கிவிட்டன. மீதியை அவர்களே மனத்தில் கட்டிக்கொள்ளட்டும்.

இக்கோயில் தன் இடத்திலேயே உள்ளது. அருகிலுள்ள சில, வேறிடங்களிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டவை. ஆந்திரத்தில் அணை நீர் மூழ்கடிக்குமுன் நாகார்ஜுனகொண்டாவின் பழைய அரங்கத்தையும் இப்படித்தான் அனுப்புக்கு மாற்றினர். பெயர்த்தாலும் பிழைத்தன. 2013இல் 11ஆம் எண் சண்டிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வீடமைப்புக்கு நிலம் திருத்தியபோது அது இடித்துத் தள்ளப்பட்டது.

குடும்பத்தோடு செல்வோர் காலையிலேயே புறப்படுங்கள். ஓடையோரக் கற்களில் பாசி வழுக்கும், முதியோர் கவனம்.